எலுமிச்சை மஞ்சளும் என் சிவப்புப் பேனாவும்

"பூனை அடிச்சிடுச்சி சார்."

தனம் இப்படிச் சொல்லிக்கொண்டே என் மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தபோது, நான் ஓர் அரக்குப் புடவையின் முந்தானையை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பங்குனி மாதம். புருவத்து வேர்வை பட்டில் விழுந்துவிடக் கூடாதே என்று தலையைப் பின்னால் சாய்த்தபடி வேலை. கழுத்து வலி வேறு.

எழுபதுகளின் கடைசி அது. ஆரணியில் ஒரு நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் எனக்குப் புடவை பார்க்கும் உத்தியோகம். நெய்து கொண்டுவரும் புடவையை விரித்து, இழை விட்டிருக்கிறதா, கரை நேராக ஓடுகிறதா, சாயம் நிற்கிறதா என்று பார்த்து முத்திரை குத்த வேண்டும். சாயத்துக்கு ஒரே சோதனைதான். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து முந்தானை ஓரத்தில் தேய்க்க வேண்டும். துணி வெள்ளையாகவே இருந்தால் புடவை உள்ளே. கறை பட்டால் வெளியே. நாள் பூராவும் இதே வேலை.

பொட்டலத்தைப் பிரித்தேன். விரல் நகம் அளவில் நாலைந்து இறகுகள். சுத்தமான எலுமிச்சை மஞ்சள்.

"நான் சொன்னேனே, அதே குருவி சார். மூணு நாளா வந்துகினு இருந்திச்சே. இன்னிக்கி நான் பாத்துகினு இருக்கச்சொல்லவே பூனை பாஞ்சிடுச்சி. இதான் மிச்சம்."

"இது சாயம்மா" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் பேனாவைத் திறந்தேன். சிவப்பு மை. பறவைப் பதிவேட்டை இழுத்து, அவள் பெயருக்கு நேரே இருந்த வரியைக் குறுக்கே அடித்தேன். பக்கத்தில் ஓர் இறகைப் பசை தடவி ஒட்டினேன். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 'சாயம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எல்லாம் ஒரு நிமிஷம். தனம் போய்விட்டாள். நான் மறுபடி முந்தானையைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி எழுதத்தான் இந்தப் பத்திரிகைத் தொடரையே ஒப்புக்கொண்டேன். ஆனால் வாராவாரம் தள்ளிப்போட்டு வேறு எதையாவது எழுதிக்கொண்டிருந்தேன். போன வாரம் பெரணமல்லூர் ஏரி வாத்துகளைப் பற்றி அவ்வளவு நீட்டி முழக்கியதுகூட இதிலிருந்து தப்பிக்கத்தான். வாத்துகள் மன்னிக்கட்டும்.

ராணி கலர் கொக்கு

சிவப்புப் பேனா என் கைக்கு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மானம் போன கதை. சொல்லித் தொலைக்கிறேன்.

அதற்கு நாலைந்து வருஷம் முந்தி எனக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. பழைய சாமான் கடையில் ஒரு தொலைநோக்கி வாங்கினேன். அதில் ஒரு பக்கம்தான் தெரியும். சென்னையில் பறவை பார்ப்பவர்கள் சிலர் ஒரு குழு வைத்திருந்தார்கள். மாதம் ஒருமுறை, மை அப்பிய நாலு பக்கத் தாள் ஒன்று தபாலில் வரும். எந்த ஊரில் யார் என்ன அரிய பறவையைப் பார்த்தார்கள் என்று அதில் பெயரோடு போடுவார்கள். அந்தத் தாளில் என் பெயர் வர வேண்டும் என்று அலைந்தேன்.

ஒரு நாள் சேவூர்ப் பக்கம் வாய்க்காலில் ஒரு கொக்கு நின்றது. கழுத்தும் வயிறும் பளீரென்று ராணி கலர். ஐயோ, எனக்கு மூச்சு நின்றுவிட்டது! இந்தத் தேசத்திலேயே யாரும் பார்க்காத பறவை என்று முடிவுகட்டி, சென்னைக்குத் தந்தி அடித்தேன்.

குழுவின் செயலாளர் மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டார். ஒல்லி மனிதர், அதிகம் பேச மாட்டார். கொக்கும் நல்ல பிள்ளையாக அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். கரையில் உதிர்ந்து கிடந்த ஒரு இறகை எடுத்தார். டீக்கடைக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கி அதில் இறகைப் போட்டார். தண்ணீர் ரோஸ் ஆயிற்று.

"சாயப்பட்டறைத் தண்ணீரில் நின்ற கொக்கு சார்" என்றார். "உங்க ஊர்ல நீங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கணும்." அவ்வளவுதான். திட்டவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

டீக்கடை விடுமா? "இன்னா சார், கொக்குக்கு முந்தானை தேச்சிப் பாக்கலியா?" என்றான் ஒருவன். "ஜாக்கெட் பிட்டு அதுலயே வருதா?" என்றான் இன்னொருவன். அன்றிலிருந்து எனக்கு 'ராணி கலர்' என்று பெயர். நூல் வாங்க வருகிறவர்கள்கூட "ராணி கலர் சீட்ல இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வீட்டில் என் மனைவியே இரண்டு நாள் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தாள். பெரிய பேஜார்.

ஒரு தடவை அடிபட்டவன் ஜாக்கிரதையாக இருப்பான் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு வருஷம் கழித்து எங்கள் பக்கத்துக்கு என்னையே சென்னைக் குழுவினர் சரிபார்ப்பவனாகப் போட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் யார் எந்தப் பறவையைப் பார்த்ததாகச் சொன்னாலும் நான் ஒப்புக்கொண்டால்தான் அது சென்னைக்குப் போகும். அன்றைக்கே கடைக்குப் போய்ச் சிவப்புப் பேனா வாங்கினேன். இனிமேல் என்னை எவனும் ஏமாற்ற முடியாது. எந்தக் கொக்காலும் முடியாது.

உடன் பார்த்தவர்

பதிவேட்டில் ஐந்து கட்டங்கள். பறவை, இடம், நாள், பார்த்தவர். ஐந்தாவது கட்டம், 'உடன் பார்த்தவர்'. சாதாரணப் பறவைக்கு அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பாதகமில்லை. அரிய பறவை என்றால் இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். ஒற்றை ஆளின் ஆசை கண்ணை மறைக்கும் என்பது அவர்கள் அனுபவம். என் கொக்கு ஒன்று போதாதா?

அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் நான்தான். யார் கூப்பிட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் சரிபார்ப்பவனின் முதல் வேலை.

விடிந்ததும் தண்ணீர் ஓரத்தில் நிற்கிறவர்கள் யார் என்று யோசித்துச் சாயப்பட்டறைகளில் ஆள் சேர்த்தேன். அப்படிக் கிடைத்தவள்தான் தனம். முழுப் பெயர் தனபாக்கியம். முப்பது வயது இருக்கும். சேவூர்ப் பட்டறை ஒன்றில், சாயம் ஏறிய பட்டு நூலை வாய்க்காலில் அலசுகிற வேலை. புருஷன் தறியில். அவள் கைகள் முழங்கை வரைக்கும் தினம் ஒரு கலரில் இருக்கும். ஐந்தாவது வரை படித்தவள். பார்த்த பறவைகளை நாட்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருவாள்.

அவள் எழுத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். மற்றவர்கள் 'பச்சைக் குருவி' என்று எழுதினால் இவள் 'முதுகு மயில் கழுத்து, வயிறு வெங்காயத் தோல், மூக்கு அடியில் மட்டும் அரக்கு' என்று எழுதுவாள். சென்னைச் செயலாளரே ஒரு கடிதத்தில், யார் இந்த அம்மா என்று விசாரித்திருந்தார்.

"அந்தப் பேப்பர்ல என் பேர் வருமா சார்?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"அரிய பறவையா இருந்தா வரும்."

"அப்ப ஒண்ணு காட்றேன் பாருங்க" என்று சிரித்தாள். அதற்கப்புறம் எப்போது வந்தாலும் போகும்போது, "இன்னும் மாட்டல சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

படவேட்டுக்கு மூன்று நடை

நான் ஓடிப்போகாத ஆள் இல்லை. எனக்கு ஓரிடத்தில் உட்காரவே தெரியாது. சைக்கிள் சீட்டில் இருந்த நேரம் நாற்காலியில் இருந்ததைவிட அதிகம்.

படவேட்டில் ஒரு பண்ணைக்காரர், முழ நீளத்துக்கு வெள்ளை வால் வைத்த குருவி தன் மாந்தோப்புக்கு வருகிறது என்று ஆள் அனுப்பினார். போனேன். அந்த ஊருக்கு அன்று பஸ்ஸே அபூர்வம். கண்ணமங்கலத்தில் இறங்கிக் கால் வலிக்க நடந்தேன். குருவி வரவில்லை. மறு வாரமும் போனேன். மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை பார்த்துவிட்டேன்: அரசவால் ஈப்பிடிப்பான். அழகான பறவைதான், ஆனால் குளிர்காலத்தில் அந்தப் பக்கம் வருவதுதான், அரிது இல்லை. பண்ணைக்காரர் காப்பி கொடுத்து, தோப்பைச் சுற்றிக் காட்டி, ஒரு கூடை தேங்காயும் கொடுத்து அனுப்பினார்.

பண்ணைக்காரர் வார்த்தைக்கு மூன்று தடவை. அந்தக் கதையை நான் பெருமையாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்லும்போது வாய் கசக்கிறது. ஏன் என்று மேலே படித்தால் தெரியும்.

மூன்று காலை

முதல் நாள் சங்கம் திறந்ததும் தனம் ஓட்டமாக வந்தாள். அன்று கை முழுக்க மஞ்சள்.

"ஜல்தி வாங்க சார்! வாலாட்டி ஒண்ணு. தலை பூரா எலுமிச்சை மஞ்சள். வாய்க்கா ஓரமா மேஞ்சிகினு கீது."

"எந்த வாய்க்கா? பட்டறைத் தண்ணி போற வாய்க்காதானே?"

"ஆமா சார்."

"முகூர்த்த சீசன். இப்ப என்ன கலர் காச்சறீங்க?"

தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "எலுமிச்சை."

"அப்புறம் என்ன? வெள்ளை வாலாட்டி சாயத்துல குளிச்சிட்டு வந்திருக்கும். போய் வேலையைப் பாரும்மா."

என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேறு ஊர்க்காரன் ஏமாந்திருப்பான், நான் ஆரணிக்காரன்!

இரண்டாம் நாள் வந்தாள். "உச்சந்தலை, கன்னம், மாரு எல்லாம் மஞ்சள் சார். பிடரியில மட்டும் கருப்பா ஒரு பட்டை. முதுகு சாம்பல். ரெக்கையில ரெண்டு வெள்ளைக் கோடு." எழுதிக்கொண்டு வந்த தாளையும் கொடுத்தாள். பதிவேட்டில் ஏற்றினேன், அவள் மனம் நோகக் கூடாதே என்று.

மூன்றாம் நாள் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"சைக்கிள்ல பத்து நிமிசம் சார். ரெண்டாவது ஆள் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க. வந்து ஒரு தபா பாருங்க. பாத்துட்டு சாயம்னு சொல்லுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன்."

அவள் கெஞ்சியது அன்று ஒருநாள்தான். எனக்கே கொஞ்சம் உறுத்தியது. அவளைப் போகச் சொல்லிவிட்டு, தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். தெருமுனை வரைக்கும் போனேன். டீக்கடையில் நாலு பேர் குந்தியிருந்தார்கள்.

"இன்னா சார், சேவூர் வாய்க்காலுக்கா? இன்னிக்கி இன்னா கலரு?"

சிரிப்பு. அவ்வளவுதான். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஏதோ மறந்துவிட்டவன் மாதிரி சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சங்கத்துக்கே வந்துவிட்டேன்.

நாலாம் நாள் அவள் பொட்டலத்தோடு வந்ததைத்தான் முதலிலேயே சொன்னேனே.

ஓடு ஒழுகியது

ஐப்பசி மழை. சங்கத்துக் கட்டடத்தின் ஓடு எங்கள் நிர்வாகம் மாதிரியே, பார்க்கத்தான் ஒழுங்கு. ஒரு வெள்ளி இரவு பிடித்த மழை ஞாயிறு வரை விடவில்லை. திங்கட்கிழமை காலை வந்து பீரோவைத் திறந்தால், மேல் தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பறவைப் பதிவேடு அதில் ஊறிக் கிடந்தது.

அடித்துப்பிடித்து எடுத்து மேஜையில் வைத்து, பக்கம் பக்கமாகப் பிரித்தேன். நீல மை கலங்கியிருந்தது. சிவப்பு மை இன்னும் மோசம். பங்குனிப் பக்கத்துக்கு வந்தேன்.

'சாயம்' என்று நான் எழுதியது காணோம். அந்த இடத்தில் ஒரே சிவப்புக் கறை. என் கையெழுத்து கரைந்து பக்கத்தின் அடிவரை ஓடியிருந்தது. அதற்கு மேலே அந்த இறகு ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அதே எலுமிச்சை மஞ்சள். அதைச் சுற்றியிருந்த காகிதம் வெள்ளை வெளேரென்று இருந்தது. மூன்று நாள் ஊறியும் ஒரு பொட்டு மஞ்சள் இறங்கவில்லை.

காய்ச்சாமல், பச்சைத் தண்ணீரில் பட்ட சாயம் நிற்காது. ஒரு நனைப்பில் விட்டுவிடும். இது ஆரணியில் யாருக்கும் தெரியும். அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். ஈரத்துணி என் கையில் இருந்தது. இறகும் மேஜையில் இருந்தது. தேய்த்துப் பார்க்கவில்லையே, பாவி!

பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். மஞ்சள் தலை வாலாட்டி. படத்தில் தலை பூரா எலுமிச்சை, பிடரியில் கருப்புப் பட்டை, இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடு. குளிர்காலத்தில் வடநாட்டுப் பக்கம் வரும், தெற்கே அரிது என்று போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததாகப் பதிவே இல்லை.

மழையிலேயே சைக்கிளை மிதித்தேன். மழைக்கு நூல் காயாது என்பதால் பட்டறை மூடியிருந்தது. தனம் வீட்டில் ராட்டினத்தின் முன் உட்கார்ந்து, தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அது சாயம் இல்லை தனம்" என்றேன், சொட்டச் சொட்ட நின்றுகொண்டு.

அவள் ராட்டினத்தை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியுமே சார். வெள்ளை வாலாட்டிக்கு உச்சந்தலை கருப்பு. கருப்பு நூலு மேல எலுமிச்சை ஏறுமா? பட்டறையில நேத்து சேந்தவன்கூட சொல்லுவான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வாயத் தொறந்தேன். நீங்க பேனாவத் தொறந்துட்டீங்க." பிறகு ராட்டினத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அலசிட்டுத்தான் சார் எடுத்தாந்தேன். மூணு தண்ணி. நீங்க கேக்கவே இல்லியே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தலை துவட்ட ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

சென்னையிலிருந்து வந்தது

நடந்ததை ஒளிக்காமல் செயலாளருக்கு ஆறு பக்கம் எழுதினேன். மிச்ச இறகுகளையும் வைத்து அனுப்பினேன். பதில் வருகிற வரைக்கும் தபால்காரரைத் தெருவிலேயே மடக்கிக்கொண்டிருந்தேன்.

பதில் வந்தது, மரியாதையாக. இறகை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, மஞ்சள் வயிறு உள்ள வேறு வாலாட்டிகளும் உண்டு. உயிரோடு பார்த்தவர் ஒருவர்தான். உடன் பார்த்தவர் இல்லை. அத்தோடு, அப்போதே உள்ளூர்ச் சரிபார்ப்பவர் மறுத்திருக்கிறார். ஆகவே வருந்துகிறோம்.

உள்ளூர்ச் சரிபார்ப்பவர் யார்? நான்தான். அந்த நாற்காலியில் இருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன். அதனால் கோபிக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த தை பிறந்ததும் தினமும் விடியலில் அந்த வாய்க்காலுக்குப் போனேன். அதற்கடுத்த வருஷமும், அதற்கடுத்ததும். டீக்கடைக்காரர்கள் கேட்டார்கள், கேட்டுக்கொள்ளட்டும் என்று போனேன். தனம் நூலை அலசிக்கொண்டே, "இன்னும் மாட்டல சார்" என்பாள். வெள்ளை வாலாட்டி வந்தது, சாம்பல் வாலாட்டி வந்தது. மஞ்சள் தலை வரவில்லை.

நானும் நீங்களும்

எண்பதுகளின் நடுவில் ஒரு மாதம் அந்தத் தாள் வந்தது. வேறொரு மாவட்டத்து ஏரியில் இரண்டு பேர் மஞ்சள் தலை வாலாட்டியைப் பார்த்திருக்கிறார்கள். 'இப்பகுதிக்கு முதல் பதிவு' என்று இருவர் பெயரும் போட்டிருந்தது. அதைத் தனத்திடம் எடுத்துக்கொண்டு போனேன். காட்டாமல் இருக்க முடியவில்லை.

எழுத்துக்கூட்டி முழுசும் படித்தாள். "முதல்னு போட்டுக்கிறாங்களே. அப்ப நான் பாத்தது?"

விரலை அந்த இரண்டு பெயர்கள்மேல் வைத்தாள்.

"ரெண்டு பேரு பாத்தாங்கன்னு தானே போட்டாங்க? நீங்களும் எழுதுங்க சார். நானும் நீங்களும் வாய்க்கா ஓரமா நின்னு பாத்தோம்னு. அப்ப வெக்கப்பட்டுகினு சொல்லலன்னு எழுதுங்க. யாருக்குத் தெரியப் போவுது? பாத்தது நெசந்தானே."

உண்மைதான், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரே ஒரு வரி எழுதினால் அவள் பெயர் அந்தத் தாளில் வந்துவிடும். அவளுக்கு நான் பட்ட கடனும் தீரும். பேனா சட்டைப் பையில்தான் இருந்தது.

"நான் பாக்கல தனம்" என்றேன். "நீ மட்டும்தான் பாத்தே."

முகம் வாடிவிட்டது. தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். "உங்களாண்ட இதான் சார்" என்று சொல்லிவிட்டு, ஈர நூலை எடுத்து உதற ஆரம்பித்தாள். அதில் கோபம் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று இன்றுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

அன்று சங்கத்துக்குத் திரும்பி, அந்தக் கறை படிந்த பக்கத்தை எடுத்து, அதன் எதிர்ப்பக்கத்தில் நீல மையில் புதிதாக ஒரு வரி எழுதினேன். சரிபார்க்கும் வேலையை விட்டுவிடுவதாகக் கடிதம் எழுதி, அந்த வரியின் நகலையும் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பினேன். வேலையை விட்டதை ஏற்றுக்கொண்டார்கள். வரியைப் போடவில்லை. அவர்கள் விதி அது, தப்பு சொல்ல மாட்டேன்.

ஆனால் பேப்பரில் பெயர் வர வேண்டும் என்றுதானே அவள் கேட்டாள். இதுவும் பேப்பர்தான். ஆகவே அந்த வரியை, ஐந்து கட்டமும் எழுதியது எழுதியபடி, இங்கே தருகிறேன்.

பறவை: மஞ்சள் தலை வாலாட்டி.

இடம்: சேவூர், சாயப்பட்டறை வாய்க்கால்.

நாள்: பங்குனியில் மூன்று காலை.

பார்த்தவர்: தனபாக்கியம்.

உடன் பார்த்தவர்: மூன்று நாளும் கூப்பிட்டார். நான் போகவில்லை.